மணிக்கூண்டுக் கோமாளி

பெரியவர்களே, கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள். சின்னவர்களே, முன்னால் வாருங்கள். கடற்கரையில் உப்பை அள்ளியவனுக்கே அந்த உப்பு சொந்தமாக இருந்த ஒரு காலம் உண்டு. அந்தக் காலத்தில் பவழத்துறை என்று ஒரு பட்டினம் இருந்தது. அதை ஓர் அரசி ஆண்டுவந்தாள்.

பவழத்துறைக்கு மூன்று பெருமைகள். ஒன்று அதன் துறைமுகம். இன்னொன்று அதன் நெற்களஞ்சியம். மூன்றாவது, நடுச்சந்தியில் நின்ற மணிக்கூண்டு. முதல் இரண்டும் எந்தப் பட்டினத்திலும் இருக்கும். மூன்றாவது வேறெங்கும் கிடையாது.

யவன நாட்டிலிருந்து கப்பலேறி வந்த ஒரு தச்சனும் உள்ளூர்க் கொல்லன் ஒருவனும், ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாமல் கையாலும் கண்ணாலும் சண்டை போட்டுக்கொண்டே கட்டிய கூண்டு அது. உள்ளே பல்சக்கரங்கள். அவற்றை இழுக்கக் கயிற்றில் தொங்கும் எடைக்கற்கள். மணிக்கொரு தரம் உச்சியில் வெண்கல மணி முழங்கும். முழங்கியதும் மாடத்தின் இடப்பக்கக் கதவு திறக்கும். ஆள் உயர மரப்பதுமைகள், ஒரு பெரிய சக்கரத்தின் மேல் நின்றபடி, ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வரும்.

முதலில் அரசன் வருவான், செங்கோலை உயர்த்துவான். அடுத்து உழவன் வருவான், கலப்பையை அழுத்துவான். அப்புறம் வணிகன் வந்து தராசைத் தூக்குவான், மீனவன் வந்து வலையை வீசுவான். எல்லாருக்கும் கடைசியில் கோமாளி வருவான். கையை உயர்த்தி, இடுப்பை வளைத்து, ஊருக்கே ஒரு கும்பிடு போடுவான். வலப்பக்கக் கதவு வழியாக எல்லாரும் உள்ளே போய்விடுவார்கள். பார்த்தவர்களே மறுபடி மறுபடி பார்ப்பார்கள். குழந்தைகள் கோமாளிக்குத் திருப்பிக் கும்பிடு போடும்.

அந்தச் சந்தியை நம்பிப் பிழைத்தவன் சேந்தன். அவன் பகல்வேடக்காரன். ஒருநாள் புலியாக வருவான், மறுநாள் குறிகாரியாக வருவான், அதற்கடுத்த நாள் கப்பலிலிருந்து இறங்கித் திசை தெரியாமல் முழிக்கும் வெளியூரானாக வருவான். வேடம் மட்டும் இல்லை, குரலும் அவனுக்குக் கைவந்தது. அவன் மாட்டுக்காரன் குரலில் கூப்பிட்டால் அந்த மாட்டுக்காரனின் மாடு திரும்பிப் பார்க்கும்.

ஒருநாள் அவன் நகரக் காவல் தலைவன் மல்லன் போல வேடம் கட்டினான். வயிற்றில் தலையணை, மூக்கின் கீழ் நார்மீசை. மல்லனைப் போலவே தொண்டையைக் காறிக்கொண்டு, "என்னடா எருமைகளா, காது கேட்குதா இல்லையா?" என்று ஒரு சத்தம் போட்டான். சந்தியில் நின்ற காவலர்கள் அத்தனை பேரும் ஈட்டியை நட்டு விறைத்து நின்றுவிட்டார்கள். சந்தியே சிரித்தது. தெருமுனையில் நின்று உண்மையான மல்லனும் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மட்டும் சிரிக்கவில்லை.

அந்த ஆண்டு மழை பொய்த்தது. ஏரி வெடித்தது, கிணறு வற்றியது, மாடுகள் கூரை வைக்கோலைக் கடித்தன. ஆனாலும் களஞ்சியத்து விதைநெல்லில் யாரும் கை வைக்கவில்லை. "வயிறு காய்ந்தாலும் விதைநெல்லைத் தொடாதீர்கள். மழை வந்தால் மறுபடி பிழைப்போம்" என்று அரசி சொல்லியிருந்தாள். ஊர் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டது. கடைசியில் ஒருநாள் கடல்மேல் கருமேகம் கட்டத் தொடங்கியது. உழவர்களைப் பார்த்துவர அரசி நாட்டுப்புறம் போயிருந்தாள். அவள் திரும்பியதும் விதைநெல்லைப் பங்கிட வேண்டியதுதான் பாக்கி.

அன்று காலை களஞ்சியத்தைத் திறந்தார்கள். பாதி காலியாக இருந்தது.

பட்டினம் நடுச்சந்தியில் கூடியது. உப்பு விற்பவள் ஒருத்தி முன்னால் வந்து, "விடியும் நேரத்தில் காவலர் உடுப்பில் ஒருவன் மூட்டை சுமந்து போனதைப் பார்த்தேன்" என்றாள்.

மல்லன் கண் சிமிட்டவில்லை. "என் ஆளா? என் ஆட்களில் ஒருவன் இதைச் செய்வானா? யோசித்துப் பாருங்கள். காவலன் மாதிரி வேடம் கட்டுகிறவன் இந்த ஊரில் யார்?"

கூட்டத்தில் ஒருவன் முணுமுணுத்தான், "சேந்தன்." பத்துப் பேர் திருப்பிச் சொன்னார்கள், "சேந்தன்." அப்புறம் சந்தியே கத்தியது, "சேந்தன்!"

அன்று விடியற்காலையில் சேந்தன் புலிவேடத்தில் மணிக்கூண்டுப் படியில் உட்கார்ந்திருந்ததை எத்தனையோ பேர் பார்த்திருந்தார்கள். குழந்தைகள் அவன் வாலைப் பிடித்து இழுத்திருந்தார்கள். ஆனால் மல்லனின் முகத்தைப் பார்த்து ஒருவரும் அதைச் சொல்லவில்லை.

கடலில் புலிச்சாயத்தைக் கழுவிவிட்டு, சலங்கையைத் தோளிலும் அரிதாரப் பெட்டியைக் கக்கத்திலும் போட்டுக்கொண்டு வந்த சேந்தன், தன் பெயரைக் கேட்டான். கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துச் சிரித்தபடி வந்தான். பாதி வழியில்தான் அவர்கள் முகம் தெரிந்தது. களவு செய்தவனைக் கல்லைக் கட்டிக் கடலில் இறக்குவது அந்த ஊர் வழக்கம். சேந்தன் திரும்பி ஓடினான். எதிரே திறந்திருந்த கதவு மணிக்கூண்டின் கதவு. உள்ளே புகுந்து, இருட்டுப் படிகளில் விழுந்து எழுந்து மேலே போனான்.

மேலே எண்ணெய்க் கிண்ணத்தோடு வெண்ணி நின்றாள். அந்தக் கூண்டைப் பார்த்துக்கொள்பவள் அவள். எடைக்கற்களை ஏற்றுவதும் சக்கரங்களுக்கு எண்ணெய் விடுவதும் அவள் வேலை. ஆட்களோடு அதிகம் பேசமாட்டாள். பேசினால் வெடுக்கென்றுதான் பேசுவாள்.

"அக்கா, நான் திருடவில்லை!" என்றான் சேந்தன்.

"தெரியும். விடியும்போது கீழ்ப்படியில் உட்கார்ந்து, வால் நிற்கவில்லை என்று என் உயிரை வாங்கினாய். வால் கட்டியவன் மூட்டை சுமப்பானா?"

"அப்படியென்றால் அதை அவர்களிடம் சொல்லேன்!"

"மல்லனிடமா? சொன்னால் உனக்குக் கட்டுகிற கல்லோடு எனக்கும் ஒன்று கட்டுவான். அரசி மாலைக்குள் வந்துவிடுவாளாம். அதுவரை நீ உயிரோடு இருக்க வேண்டும். ஆனால் இங்கே எலி ஒளியக்கூட இடம் இல்லையே!"

கீழே காலடிகள் கேட்டன. சேந்தன் சுற்றிலும் பார்த்தான். பெரிய சக்கரத்தின் மேல் அரசன் நின்றான், உழவன் நின்றான், வணிகனும் மீனவனும் நின்றார்கள். கடைசி இடம் காலியாக இருந்தது.

"கோமாளி எங்கே?"

"காலில் கறையான். காலையில்தான் கழற்றித் தச்சனிடம் கொடுத்தேன்."

சேந்தன் அரிதாரப் பெட்டியைத் திறந்தான். முகத்துக்கு வெள்ளை, கன்னத்துக்குச் சிவப்பு, புருவத்துக்குக் கரி. அதன்மேல் வெண்ணியின் எண்ணெயைத் தடவிக்கொண்டான். தோல் அரக்குப் பூசிய மரம்போல மினுமினுத்தது. பதுமையிலிருந்து கழற்றி வைத்திருந்த கூம்புத் தொப்பியையும் பட்டை அங்கியையும் வெண்ணி எறிந்தாள். அவன் சக்கரத்தில் ஏறி நின்று மூச்சை அடக்கவும் காவலர்கள் உள்ளே நுழையவும் சரியாக இருந்தது.

"வேடக்காரன் இங்கே வந்தானா?"

"சக்கரத்தைப் பார்ப்பேனா, வருகிறவன் போகிறவனைப் பார்ப்பேனா? தேடிக்கொள்ளுங்கள். எதிலும் சாயாதீர்கள், இந்த எண்ணெய்க் கறை ஏழு வெளுப்புக்கும் போகாது."

காவலர்கள் உடுப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு தேடினார்கள். ஒருவன் உழவனின் தோளைத் தட்டிப் பார்த்தான். அடுத்து வணிகனின் தோளைத் தட்டினான். அப்போது தலைக்கு மேலே மணி முழங்கியது. சக்கரம் உறுமிக்கொண்டு நகர்ந்தது. காவலர்கள் துள்ளி விலகினார்கள். கதவு திறந்தது. வெயில் சேந்தன் முகத்தில் அறைந்தது.

கீழே சந்தி முழுக்க அவனைத் தேடும் ஆட்கள். எல்லார் கண்ணும் மாடத்தின் மேல். சேந்தன் கையை உயர்த்தினான், மரம் உயர்த்துவது போல. இடுப்பை வளைத்தான், மரம் வளைவது போல. எங்கிருந்தோ ஒரு காக்கை பறந்துவந்து அவன் தொப்பியில் உட்கார்ந்தது. குனிந்து அவன் காதை ஒரு கொத்துக் கொத்தியது. கண்ணில் நீர் முட்டியது. பதுமை அசையவில்லை. காக்கை சலித்துப்போய்ப் பறந்தது. கதவு மூடிக்கொண்டது.

காவலர்கள் இறங்கிப் போயிருந்தார்கள்.

அடுத்த மணி முழங்கியது. இரண்டாம் முறையாக சேந்தன் வெளியே வந்தான். இந்த முறை பயம் கொஞ்சம் குறைந்திருந்தது. கண் மட்டும் ஊரைச் சுற்றியது. சந்தியின் ஓரத்தில் களஞ்சியம். அதன் பின்மதிலை ஒட்டி, கடலின் ஓதம் ஏறி வற்றும் உப்பங்கழி. தரையில் நிற்பவர்களுக்கு மதில் மறைக்கும், மாடத்தில் நிற்பவனுக்கு மறைக்காது. மதிலுக்குப் பின்னால், ஓதம் வற்றிய சேற்றில் ஒரு படகு தரைதட்டி நின்றது. நாணல் புதருக்குள்ளிருந்து மூட்டைகளை எடுத்து அதில் ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் மல்லனின் காவலர்கள்.

கத்தலாமா? கீழே மல்லன் நின்றான், அவன் பக்கத்தில் வில்லாட்கள் நின்றார்கள். அரசி இன்னும் வரவில்லை. வாய் திறந்தால் முதல் சொல் முடியும் முன் அம்பு வரும். பதுமை அசையவில்லை. கதவு மூடிக்கொண்டது.

உள்ளே வந்ததும் பார்த்ததை வெண்ணியிடம் சொன்னான். வெண்ணி எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"ஓதம் ஏறினால் படகு போய்விடும். அப்புறம் மழை வந்து என்ன, வராமல் என்ன? மண்ணைத்தான் விதைக்க வேண்டும்." படிப்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். "இதோ பார், வெயில் சாயும்போது தெற்கு வாசல் வழியாகத் தண்ணீர் வண்டிகள் வெறும் பீப்பாயோடு வெளியே போகும். உன்னை ஒன்றில் ஏற்றிவிடுகிறேன். நீ பிழைத்துக்கொள். அரசி வந்ததும் நெல் விஷயத்தை நான் சொல்லிக்கொள்கிறேன்."

சேந்தனுக்கு உயிர் வந்தது. வெண்ணி வண்டிக்காரனைப் பார்க்கக் கீழே இறங்கினாள்.

ஆனால் படியின் கடைசியில் மல்லன் நின்றான். அவன் விரலில் ஒரு சலங்கைச் சரம் தொங்கியது. சேந்தன் விழுந்து எழுந்து ஏறியபோது அறுந்து விழுந்தது அது. இருட்டில் ஒருவர் கண்ணிலும் படாமல் கிடந்து, இப்போது மல்லன் கையில் கிடைத்துவிட்டது.

"மேலே தேடியாயிற்று, அங்கே இல்லை. எங்கே அவன்?" என்றான் மல்லன். வெண்ணி வாய் திறக்கவில்லை. அவள் கைகளைக் கட்டிச் சந்திக்கு இழுத்துப் போனார்கள்.

அந்த நேரத்தில்தான் முரசு கேட்டது. அரசி வந்துவிட்டாள். அவள் தேரிலிருந்து இறங்குவதற்குள் மல்லன் எல்லாவற்றையும் தன் வாயால் சொல்லி முடித்துவிட்டான். சாட்சிக்குச் சலங்கைச் சரத்தை நீட்டினான்.

கதவிடுக்கில் காதை வைத்து சேந்தன் கேட்டுக்கொண்டிருந்தான்.

"வெண்ணி, அவன் உன் கூண்டுக்குள் வந்தானா?" என்று அரசி கேட்டாள்.

"வந்தான் தாயே. அவன் திருடவில்லை. விதைநெல் களஞ்சியத்துக்குப் பின்னால்..."

"பார்த்தீர்களா! ஒளித்த இடம்கூட இவளுக்குத் தெரிந்திருக்கிறது!" என்று மல்லன் குறுக்கே பாய்ந்தான். "தாயே, இவளும் கூட்டுக் கள்ளி. நெல் எங்கும் ஓடிப்போகாது, அதை என் ஆட்கள் எடுத்துவருவார்கள். முதலில் கள்ளன் எங்கே என்று கேளுங்கள்!"

கூட்டம் உறுமியது. பசித்த கூட்டம். அரசி கையை உயர்த்தினாள்.

"வெண்ணி, அவன் குற்றமில்லாதவன் என்றால் என் முன்னால் வரட்டும், கேட்கிறேன். கள்ளனை ஒளிப்பதும் களவுதான். அவன் எங்கே என்று சொல். அடுத்த மணி அடிக்கும்வரை உனக்கு நேரம்."

வெண்ணி மல்லனின் வில்லாட்களைப் பார்த்தாள். அவர்கள் நாணை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பேசாமல் தரையைப் பார்த்து நின்றாள். ஒரு காவலன் கல்லும் கயிறும் கொண்டுவந்து வைத்தான்.

உள்ளே சேந்தனுக்கு வியர்த்தது. கன்னத்துச் சிவப்பு கழுத்தில் வழிந்தது. கூண்டின் பின்பக்கம் இறங்கும் படிகள் இப்போது காவலின்றிக் கிடந்தன. எல்லாரும் சந்தியில் இருக்கிறார்கள். தெற்கு வாசல் திறந்திருக்கிறது. இறங்கி நடந்தால் பிழைத்தான். சேந்தன் சக்கரத்திலிருந்து ஒரு காலை எடுத்துக் கீழே வைத்தான்.

வைத்த கால் நகரவில்லை. 'காலையில் என் பெயரை ஊரே சொன்னபோது, நான் புலியாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவன் ஒருவனும் வாய் திறக்கவில்லையே! இப்போது இவளுக்கு நான் அதையே செய்யப்போகிறேனா?' காலை எடுத்து மறுபடி சக்கரத்தின் மேல் வைத்தான்.

மணி முழங்கியது.

கதவு திறந்தது. அரசன் வந்தான், செங்கோலை உயர்த்தினான், போனான். உழவன் போனான். வணிகன் போனான். மீனவன் வலையை வீசிவிட்டுப் போனான். கோமாளி வந்தான். கையை உயர்த்தினான். இடுப்பை வளைத்தான். அப்புறம் அந்தக் கோமாளி, சக்கரத்தைவிட்டுக் குதித்து மாடத்து விளிம்பில் ஏறி நின்று, "அவளை விடுங்கள்! நான்தான் சேந்தன்!" என்று கத்தினான்.

சந்தி வாயைப் பிளந்தது. ஒரு குழந்தை வீறிட்டது. உப்பு விற்பவள் கூடையை நழுவவிட்டாள்.

"எய்யுங்கள்!" என்றான் மல்லன்.

"வில்லைத் தாழ்த்துங்கள்!" என்றாள் அரசி. வில்லுகள் தாழ்ந்தன.

"தாயே, களஞ்சியத்துக்குப் பின்னால் படகு நிற்கிறது. விதைநெல் அதில் இருக்கிறது. ஏற்றியவர்கள் மல்லனின் ஆட்கள். என் கண்ணால் பார்த்தேன்."

மல்லன் சிரித்தான். "கள்ளனே இடத்தையும் காட்டுகிறான்! ஒளித்தவன் அவன், தாயே. நான் போய்ப் பார்த்துவருகிறேன்."

"அவர் எங்கும் போக வேண்டாம்," என்றான் சேந்தன். "உங்கள் பக்கத்திலேயே, வாயை மூடிக்கொண்டு நிற்கட்டும். எனக்கு ஒரு கூப்பாடு போட மட்டும் அனுமதி கொடுங்கள். அப்புறம் கல்லைக் கட்டுவதென்றாலும் கட்டுங்கள்."

அரசி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு மல்லன் பக்கம் திரும்பி, "வாயைத் திறக்காதே" என்றாள்.

சேந்தன் களஞ்சியத்து மதில் பக்கம் திரும்பினான். இரண்டு கைகளையும் வாயருகே குவித்தான். தொண்டையைக் காறிக்கொண்டான். மணிக்கூண்டின் உச்சியிலிருந்து மல்லனின் குரல் இடிபோல இறங்கியது.

"என்னடா எருமைகளா, காது கேட்குதா இல்லையா? மூட்டையெல்லாம் ஏற்றியாச்சா?"

மதிலுக்குப் பின்னாலிருந்து உடனே பதில் வந்தது. "ஆச்சு தலைவரே! ஓதம் ஏறத்தான் காத்திருக்கோம்!"

அரசி மல்லனைப் பார்த்தாள். மல்லனின் வாய் மூடியிருந்தது. மீசை மட்டும் துடித்தது.

"யார் கண்ணிலும் படலையேடா?" என்றது மேலிருந்த குரல்.

"படலை தலைவரே! பட்டால்தான் என்ன? பழி வேடக்காரன் தலையிலதானே!"

சந்தியே மதில் பக்கம் திரும்பியது. அப்புறம் யாரோ ஒருவன் சிரித்தான். பத்துப் பேர் சிரித்தார்கள். அடுத்த கணம் சந்தியே ஒரு கர்ஜனையோடு களஞ்சியத்துப் பக்கம் பாய்ந்தது. சேற்றில் புதைந்த படகைப் பெண்களும் ஆண்களும் சூழ்ந்துகொண்டார்கள். தங்கள் தலைவனை எதிர்பார்த்து நின்ற காவலர்கள் ஊரையே எதிரில் கண்டு, வந்த கைகளில் ஈட்டிகளைக் கொடுத்துவிட்டுச் சேற்றில் உட்கார்ந்துவிட்டார்கள். விதைநெல் ஒரு மணிகூடச் சிந்தாமல் கிடைத்தது.

அரசி தன் கையால் வெண்ணியின் கட்டை அவிழ்த்தாள். "நீ ஏன் இடத்தைச் சொல்லவில்லை?" என்று கேட்டாள்.

"நான் சொல்லி முடிக்கும் முன்னால் அம்பு முந்தியிருக்கும் தாயே," என்றாள் வெண்ணி, வழக்கம்போல வெடுக்கென்று.

அரசி தலைகுனிந்தாள். "அவசரப்பட்டேன். உன் பேச்சை முழுதும் கேட்டிருக்க வேண்டும்" என்று ஊர் கேட்கச் சொன்னாள். பிறகு மல்லனைப் பார்த்தாள். "உனக்குக் கல் வேண்டாம். படகிலிருக்கும் மூட்டைகளை நீயும் உன் ஆட்களும் இந்தச் சந்தி வழியாக முதுகில் சுமந்து களஞ்சியத்தில் சேருங்கள். ஊர் பார்க்கட்டும். அதன்பின் இந்த மண்ணில் உங்களுக்கு இடமில்லை."

மல்லன் சுமந்தான். முதல் மூட்டையில் அவன் தலைப்பாகை விழுந்தது, அடுத்ததில் மீசை தொங்கியது, அதற்கடுத்ததில் கண்ணீர் வந்தது. ஒருவரும் இரங்கவில்லை.

சேந்தன் இறங்கிவந்தான். காலையில் அவன் பெயரைக் கத்திய ஊர் முன்னால் வந்து நின்றது. உப்பு விற்பவள்தான் முதலில் பேசினாள். "உன்னைப் புலியாகப் பார்த்தேன், தம்பி. சொல்லப் பயந்துவிட்டேன்." அப்புறம் ஒவ்வொருவராக, "நானும் பார்த்தேன்", "நானும் பார்த்தேன்" என்றார்கள். சேந்தன் எல்லாரையும் பார்த்தான். கோபம் வரும் என்று நினைத்தான். பசிதான் வந்தது.

"யாரிடமாவது கஞ்சி இருக்கிறதா?" என்றான்.

பட்டினத்தில் எந்த வீட்டில் ஒரு வாய்க் கஞ்சி மிச்சம் இருந்ததோ, அந்த வீடெல்லாம் கலயத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தது. வெண்ணியையும் சேந்தனையும் ஆளுக்கொரு தோளில் ஏற்றிச் சந்தியைச் சுற்றி வந்தார்கள். வெண்ணி, "இறக்குங்கள், எடைக்கல் ஏற்ற வேண்டும்!" என்று திட்டிக்கொண்டே வந்தாள். யாரும் இறக்கவில்லை. தாரை முழங்கியது, தப்பட்டை அதிர்ந்தது. மறுநாள் விதைநெல் பங்கிடப்பட்டது. அதற்கு அடுத்த நாள் வானம் கிழிந்து கொட்டியது. நனைந்த மண்ணில் கால் வைத்து, ஊர் விதைத்தது.

தச்சன் கோமாளிப் பதுமைக்குப் புதுக்கால் செய்தான். அரசியின் சொற்படி அதன் வாயையும் உளியால் திறந்துவிட்டான். அன்றுமுதல் பவழத்துறை மணிக்கூண்டில் அரசனும் உழவனும் வணிகனும் மீனவனும் வாய்மூடி வர, கோமாளி மட்டும் வாய் திறந்து வந்தான்.

ஆகவே கேட்டவர்களே, நெஞ்சில் வைத்துக்கொள்ளுங்கள்: கண்ணெதிரே அநியாயம் நடக்கும்போது தன் உயிருக்கு அஞ்சாமல் வாய் திறப்பவனே மனிதன், மற்றவன் மரப்பதுமை.